மரத்தில் கட்டிய கோயில் 800 வருடம் தாண்டி நிற்பது எப்படி? (போர்குண்ட் தேவாலயமும் நம் டெல்டா மரத்தூண்களும்)

தரங்கைவாசி (தரங்கம்பாடி)

தரங்கம்பாடி ராஜ வீதியில் புது எருசலேம் ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் முகப்பு நினைவிருக்கும். ஒரு கிரீடம், அதோடு பின்னிப் பிணைந்த எழுத்துகள், 1718 என்ற வருடம். அந்த எழுத்துகள் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடரிக்கின் முத்திரை. 1706 ஜூலையில் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் இங்கே வந்து இறங்கியது அவர் அனுப்பித்தான்.

இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிந்த சங்கதி. அதே ராஜா செய்த இன்னொரு காரியத்தை இங்கே பேச வேண்டும். அப்போது நார்வேயும் அவர் ஆட்சியில்தான் இருந்தது. 1814 வரை டென்மார்க்கும் நார்வேயும் ஒரே ராஜாவின் கீழ். ஸ்வீடனோடு நடந்த நீண்ட போரில் கஜானா வற்றிப்போனது. கடனை அடைக்க 1723ல் நார்வே நாட்டுக் கோயில்களை, அதாவது தேவாலயங்களை, ஏலத்துக்குக் கொண்டுவந்தார். வாங்கியவனுக்குக் கோயிலுக்கு வரவேண்டிய தசமபாக வருமானமும் போகும், கட்டடத்தைப் பராமரிக்கும் கடமையும் சேரும். வருமானத்தை விடாமல் வாங்கிக்கொண்டு, பராமரிப்பைத் தட்டிக்கழித்தவர்கள் பலர். இங்கே கடற்கரையில் புதுசாக ஒரு கோயில் எழும்பி ஐந்தே வருடத்தில் அங்கே இது நடந்திருக்கிறது.

அப்படி விற்கப்பட்டவற்றில் பழைய மரக்கோயில்களும் உண்டு. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்று நார்வேயில் நிற்பது 28. அதில் அதிகம் கைபடாமல் மிஞ்சியது லேர்டால் பள்ளத்தாக்கில் உள்ள போர்குண்ட். சுமார் 1180ல் எழுந்தது. அப்போது நம் பக்கம் மூன்றாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த புதிது. திரிபுவனம் கோயிலே அதற்குப் பிறகுதான். அது கருங்கல், இது பைன் மரம்.

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிற்றாலயம். நாட்டு ஓடு, பர்மா தேக்கு உத்திரம், முன் தாழ்வாரத்தில் நாலு மரத்தூண். தூண்களின் அடி உளுத்துவிட்டது. "மரம்னா இவ்வளவுதான் ஆயுசு, இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்" என்று சபையில் பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. மரத்துக்கு இவ்வளவுதான் ஆயுசு என்பது உண்மையானால் போர்குண்ட் எப்படி நிற்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெர்கன் தமிழன் (சொந்த ஊர் மன்னார்குடி)

அண்ணே, நான் இருப்பது பெர்கன். கப்பல் பட்டறை வேலை. போர்குண்டுக்குப் போயிருக்கிறேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தூரத்தில் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கும். கிட்டே போனால் கறுப்பு, காவி, தேன் நிறம் மூன்றும் கலந்திருக்கிறது. வெயில் விழும் தெற்குச் சுவர் சிவந்து கிடக்கிறது, வடக்குச் சுவர் கறுத்திருக்கிறது. கோடையில் போனால் கையை வைத்துப் பாருங்கள், ஒட்டும். அவ்வளவு தார். இது ரோட்டுத் தார் இல்லை. பைன் மரத்தின் வேர்க்கட்டைகளை மண்ணால் மூடி, காற்றை அடக்கி, மெதுவாகக் கருக விட்டு வடிப்பது. நம் ஊரில் தோணிக்குக் கீல் பூசுவார்களே, அந்த வாசனைக்கு ரொம்பக் கிட்டே. கோயிலுக்குள் நுழையும் முன்னால் அந்த வாசனைதான் வந்து எதிர்கொள்ளும்.

உள்ளே இருட்டு. சுவரில் ஜன்னலே இல்லை. உச்சியில், கூரைக்கு அடியில், சின்னச் சின்ன வட்டத் துளைகள் மட்டும். நடுமண்டபத்தைச் சுற்றித் தூண்கள் நெட்டுக்கு எழும்புகின்றன. கண் பழகிய பிறகுதான் தூண் உச்சிகளில் செதுக்கிய முகங்கள் தெரிகின்றன. கீழே நிற்பவனுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் அவ்வளவு நுணுக்கமான வேலை.

வெளியே கூரை அடுக்கடுக்காக இறங்குகிறது. ஓடு இல்லை, மரச்செதிலே ஓடு. மேல் முகடுகளில் நாகம் மாதிரித் தலைகள் வாய் பிளந்து நீட்டிக்கொண்டிருக்கும். மேற்கு வாசல் நிலையில் கொடியும் விலங்கும் பின்னிய செதுக்கல். அங்கே வழிப்போக்கர்கள் கத்தியால் கீறிவிட்டுப் போன ரூனிக் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்தும் இருக்கிறது. தோர் என்று ஒருவர், புனித ஒலாவ் திருநாளுக்கு முந்தின மாலை இந்த வழியாகப் போகும்போது எழுதினேன் என்று கீறியிருக்கிறார். மலையைத் தாண்டிப் போகிற பழைய பாதை அந்தக் கோயிலை ஒட்டித்தான்.

நாகை டீச்சர்

அந்த வழிப்போக்கரைப் படித்ததும் எனக்கு ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ஞாபகம் வந்துவிட்டது. வழியில் தங்கும் இடத்துச் சுவரெல்லாம் பேரும் ஊரும் கரிக்கட்டையால் எழுதியிருப்பார்கள். வருஷா வருஷம் வெள்ளையடித்து அழித்துவிடுகிறோம்.

ஆனால் தரங்கைவாசி சாரின் கேள்வியில் எனக்கு ஒரு தயக்கம். அங்கே கறையான் கிடையாது. லேர்டால் மழை மறைவுப் பள்ளத்தாக்கு, மேற்கு நார்வேக் கரையில் கொட்டும் மழையில் ஒரு சிறு பங்குதான் அங்கே விழும். குளிர் வேறு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் வாசலிலேயே தண்ணீர் நிற்கும். உப்புக்காற்று, கறையான், புழுக்கம். அங்கே நிற்பது இங்கே நிற்கும் என்று சபையில் போய்ச் சொன்னால் கேட்பார்களா?

கல்லும் செங்கலும்கூட இந்தக் கரையில் தப்பவில்லையே. 1707ல் சீகன்பால்கு கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மாசிலாமணி நாதர் கோயிலையும் அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அது 1306ல் பாண்டியர் கட்டிய கோயில்.

குடந்தை ஆசாரி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் தச்சுக் குடும்பம். தேர், வாகனம், கதவு, நிலை எல்லாம் செய்வோம். படிப்பு அதிகமில்லை. மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெர்கன் தம்பியிடம் ஒரே கேள்வி. மேலே இருக்கிற நாகமும் முகமும் இருக்கட்டும். தூண் அடியில் என்ன இருக்கு? மண்ணா, கல்லா, மரமா?

மரம் மழையில் நனைந்தால் சாகாது. நனைந்தது காயாமல் போனால்தான் சாகும். தேரைப் பாருங்கள், வருஷம் பூரா வெட்டவெளியில் நிற்கிறது. அதற்குக் கீற்றோ தகரமோ போட்டு மூடுகிறோம், அடியில் காற்று ஓடுகிறது. சக்கரம் மண்ணைத் தொடும் இடத்தில்தான் முதல் பழுது. உத்திரம் உளுத்துப்போய்த் தூண் நல்லா இருந்த வீட்டை நான் பார்த்ததில்லை. பழுது எப்பவும் கீழேயிருந்துதான் ஏறும்.

பெர்கன் தமிழன்

ஆசாரி ஐயா, அடியில் கல். கல்லின் மேல் கனத்த மர உத்திரங்கள் படுக்கைவசத்தில். அதன் மேல்தான் தூண்கள் நிற்கின்றன. தரையிலிருந்து முழுசாகத் தூக்கியிருக்கிறது. சுற்றி வந்து குனிந்து பார்த்தால் அடியில் இடைவெளி தெரியும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (மயிலாடுதுறை)

ஆசாரி கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருந்தவரைக்கும் கான்கிரீட்தான் போட்டேன். ஆனால் இந்த மரக்கோயில்களின் வரைபடங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

இவர்களுக்கு முந்தின தலைமுறை, அதாவது பதினோராம் நூற்றாண்டில் கட்டியவர்கள், தூணை மண்ணில் குழிதோண்டி நட்டார்கள். நார்வேயின் இன்னொரு மரக்கோயிலான ஊர்னெஸுக்கு அடியில் தோண்டியபோது அந்தப் பழைய தூண்குழிகள் கிடைத்தன. அந்தக் கோயில்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் அடியில் மக்கிப் போயின. ஊர்னெஸில் இன்று வடக்குச் சுவரில் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற செதுக்குவேலை, முந்தைய கோயிலிலிருந்து எடுத்துப் பத்திரமாக மறுபடி பதித்தது. ஊர்னெஸ் 1979ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

அடுத்த தலைமுறை மண்ணைக் கைவிட்டது. கல் வரிசை, அதன் மேல் உத்திரம். போர்குண்டில் இரண்டு உத்திரம் நீளவாட்டில், இரண்டு குறுக்கில். நான்கும் ஒன்றையொன்று வெட்டிக் கவ்விக்கொண்டு நடுவில் ஒரு சதுரம் உண்டாகிறது. அந்தச் சதுரத்தின் மேல்தான் நடுமண்டபத் தூண்கள். வெட்டிக்கொண்ட இடத்துக்கு அப்பாலும் உத்திர முனைகள் வெளியே நீளுகின்றன. அந்த முனைகளின் மேல் வெளிச்சுவரின் அடிச்சட்டம் உட்காருகிறது. ஆகவே முழுக் கட்டடமும் ஒரே கூண்டு. அடித்தளத்தில் ஒரு கல் கொஞ்சம் இறங்கினாலும் கூண்டு தாங்கிக்கொள்ளும்.

சுவர்ப்பலகைகள் படுக்கைவசம் இல்லை, நெட்டுக்குத்தானவை. ஒவ்வொரு பலகையிலும் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் காடி (நீளப் பள்ளம்). அடிச்சட்டத்திலும் மேல்சட்டத்திலும் காடி வெட்டி அதில் பலகையைச் செருகுவது. மழைநீர் இழையோடு நேரே கீழே வழிந்துவிடும். மூட்டுகளில் துளையும், அதற்குள் நுழையச் செதுக்கிய மரமுனையான கழுந்தும், மரமுளையும். இரும்பு ஆணி பெரிதாக வேலைக்கே வரவில்லை. ஆணி இருந்தால் அதைச் சுற்றித் துரு, துருவைச் சுற்றி ஈரம்.

தூண்களுக்கு இடையில் பெருக்கல் குறி வடிவில் சட்டங்கள். அதற்கு மேலும் கீழும் வளைந்த முழங்கால் மரங்கள். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள், இழை அறுபடாமல் இருக்க. கூரைக்குள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகும் சட்டங்கள். மலைக்காற்று தள்ளும்போது கட்டடம் கொஞ்சம் அசைந்துகொடுத்து மறுபடி நிலைக்கு வரும். நடுமண்டபத்தைச் சுற்றித் தாழ்ந்த பக்க மண்டபம், அதையும் சுற்றித் திறந்த தாழ்வாரம். தாழ்வாரம் வழிபாட்டுக்கு மட்டுமில்லை, அது சுவருக்குக் குடை. அடிச்சட்டத்தில் சாரல் படாமல் அது வாங்கிக்கொள்கிறது.

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு, மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே வைத்திருந்தால் அது முளைக்கவே முளைக்காது. கல், இடைவெளி, தாழ்வாரம், தார் எல்லாமே இந்த ஒரே கணக்குக்காகத்தான்.

வயதைக் கண்டுபிடித்ததும் மரமே சொல்லித்தான். உத்திரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்து, 1180-81 குளிர்காலத்தில் வெட்டிய மரம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

குடந்தை ஆசாரி

சார் சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். இதைச் செய்தவன் தச்சன்தான், சந்தேகமே இல்லை. குளிர்காலத்தில் வெட்டினான் பாருங்கள். மரத்தில் பால் ஓடாத காலம். நாங்கள் தேய்பிறையில்தான் வெட்டுவோம், வளர்பிறையில் வெட்டினால் பூச்சி விழும் என்று தாத்தா சொல்வார்.

டீச்சர் கறையானைச் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் நம் ஆளுக்கும் அந்தத் தந்திரம் தெரியும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் பழைய திண்ணை வீட்டுத் தூணைப் பாருங்கள். மரத்தூண் ஒருநாளும் தரையில் நிற்காது. ஒரு முழம் உயரத்துக்குக் கருங்கல், மேலே மரம். கல்லின் தலையில் குழி வெட்டி, தூணின் கழுந்தை அதில் இறக்குவோம். கறையான் ஏறினால் கல்லின் மேல் மண்சுரங்கம் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். காலையில் வாசல் தெளிக்கிற பெண்பிள்ளை கண்ணில் அது பட்டுவிடும், விளக்குமாற்றால் ஒரு தட்டு தட்டிவிடுவாள். கறையானைத் தடுத்தது கல்லும் அந்தக் கண்ணும்.

இப்போது என்ன செய்கிறோம்? தரைக்கு டைல்ஸ் போடுகிறோம். தரை மட்டம் நாலு அங்குலம் ஏறுகிறது. கல்லில் பாதி புதைந்துவிடும். தூணடி அசிங்கமா இருக்கு என்று மிச்சக் கல்லையும் சேர்த்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். கழுவிவிடுகிற தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே போகும், வெளியே வராது. அந்த மரம் சிமெண்டுக்குள் உட்கார்ந்து மக்கும். கறையானும் யார் கண்ணிலும் படாமல் உள்வழியாகவே ஏறும்.

தரங்கைவாசி ஐயா, உங்கள் ஊர்த் தூணடியில் சிமெண்ட் பூசியிருக்கிறதா? போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

திருவாரூர்க்காரன்

நல்ல இழை. ஒரு கேள்வி. பெர்கனில் ஃபான்டாஃப்ட் என்று ஒரு மரக்கோயில் எரிந்து, திரும்பக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் பழைய கோயில் என்று சொல்லலாமா? இந்தச் சிற்றாலயத்தின் தூணையும் மாற்றிவிட்டால் அது பழசா, புதுசா?

பெர்கன் தமிழன்

ஃபான்டாஃப்ட் எங்கள் ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது, டிராமில் போய் இறங்கலாம். அது பிறந்த இடம் சோக்னே ஃபியோர்டின் உள்முனையில் ஃபோர்டூன். அங்கே இடிக்க இருந்ததை 1883ல் ஒருவர் வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார். 1992 ஜூன் 6ல் தீ வைத்துவிட்டார்கள். சாம்பல்தான் மிச்சம். 1997ல் அதே முறையில் திரும்பக் கட்டி முடித்தார்கள். நிற்கும் 28ல் அதைச் சேர்ப்பதில்லை.

இன்னும் விசித்திரமான பயணமும் உண்டு. வாங் என்ற ஊரின் மரக்கோயில் சிறியதாகிவிட்டது என்று 1840களில் விற்றார்கள். யோஹான் கிறிஸ்டியான் டால் என்ற நார்வே ஓவியர் அழிந்துபோகாமல் இருக்கட்டும் என்று அதை வாங்கினார். பிரஷ்யா ராஜா செலவை ஏற்க, பலகை பலகையாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று அது போலந்தில், கார்பாச் மலையூரில் நிற்கிறது. இப்பவும் வழிபாடு நடக்கிறது.

திருவாரூர்க்காரன்

அப்படியானால் என் கருத்து இது. எங்கள் ஆழித்தேர் 1920களில் தீயில் போய், புதிதாகச் செய்து 1930ல் மறுபடி ஓடியது. திருவாரூரில் யாரும் இது புதுத்தேர் என்று சொல்ல மாட்டார்கள். தியாகராஜர் ஏறுகிற தேர், அதே வீதி, அதே வடம், செய்கிற குடும்பங்களும் அதே முறையில் செய்கிறவர்கள். ஆராய்ச்சியாளருக்குப் பழைய மரம் வேண்டும், வளையம் எண்ண வேண்டும், அது சரிதான். ஊருக்கு அது தொடர்ந்து வழங்கிவருவதுதான் முக்கியம்.

நாகை டீச்சர்

திருவாரூர் சார், இதில் நான் முழுக்க உங்கள் பக்கம் வர மாட்டேன். தேர் வருஷா வருஷம் ஓடும், பழுது பார்ப்பார்கள், அதற்கென்று ஆள் உண்டு. சின்னக் கிராமத்துச் சிற்றாலயத்தை ஒரு தடவை இடித்தால் அதே முறையில் யார் திரும்பக் கட்டப்போகிறார்கள்? ஒட்டுத்தளம், மெட்ராஸ் டெர்ரஸ் மாதிரிப் பழைய சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்த கொத்தனார் இன்று எத்தனை பேர்? பழைய மரத்தில் ஆசாரியின் உளித்தடம் இருக்கிறது. அந்தத் தடம் போனால் அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதே போய்விடும். எரிந்துபோனால் திரும்பக் கட்டுவது வேறு, நாமே இடித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்பது வேறு.

தரங்கைவாசி

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் சபையின் வாதம் அப்படியே நார்வேயில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

ஆயிரத்துக்கு மேல் இருந்தது 28 ஆனதற்கு மக்கிப்போனது மட்டும் காரணமில்லை. 1349ல் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராகக் காலியானது, பார்க்க ஆளில்லாமல் பல விழுந்தன. அடுத்தது நான் முதலில் சொன்ன 1723 ஏலம். மிச்சமிருந்ததைத் தீர்த்தது 1851 சட்டம். கோயில் என்றால் அந்தப் பங்கின் மக்கள்தொகையில் பத்தில் மூன்று பங்கு உள்ளே உட்காரும் அளவு இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஊர் பெருத்திருந்தது, பழைய மரக்கோயில்களோ சின்னது. எவ்வளவோ கோயில்களை அந்த வேகத்தில் இடித்துத் தள்ளினார்கள். அறுநூறு, எழுநூறு வருடம் பனியைத் தாங்கி நின்ற மரத்துக்குக் கெடு வைத்தது ஒரு காகிதம்.

போர்குண்ட் மட்டும் எப்படித் தப்பியது? அங்கேயும் இடம் போதவில்லைதான். 1868ல் பக்கத்திலேயே பெரிய கோயில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள், பழையதை விட்டுவைத்தார்கள். பழஞ்சின்னங்களைக் காக்க 1844ல் நார்வேயில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கம் 1877ல் போர்குண்டை வாங்கிக்கொண்டது. இன்றும் அதன் பொறுப்பில்தான். பழசு, புதுசு இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

எங்கள் கிராமத்தில் ஆலயத்துக்குப் பின்னால் நிலம் கிடக்கிறது. பெரிய கட்டடம் வேண்டுமானால் அங்கே கட்டிக்கொள்ளலாமே, இதை ஏன் தொட வேண்டும்? வரும் கூட்டத்தில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆசாரி ஐயா, போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான். நாலு தூணுக்கும் அடியில் சுற்றிலும் சிமெண்ட் பூச்சு, மேலே பச்சை டைல்ஸ். தட்டிப் பார்த்தால் கீழே ஒரு சாண் அளவு பொத்தென்று சத்தம், அதற்கு மேலே கணீரென்று இருக்கிறது.

குடந்தை ஆசாரி

கணீரென்று இருக்கா, அப்ப மரம் பிழைத்தது. ஒரு சாண் போனதுக்கு ஒன்பதடித் தூணைக் குப்பையில் போட வேண்டாம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

சபையில் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். நார்வே அரசின் தொல்சின்னத் துறை 2001 முதல் 2015 வரை 28 மரக்கோயில்களையும் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டது. அங்கே கடைப்பிடித்த முறை, கெட்டதை மட்டும் வெட்டி எடுத்து, அதே வகை மரத்தை, பழைய கருவி, பழைய மூட்டு முறைப்படி ஒட்டவைப்பது. அடிச்சட்டம் மக்கிய இடங்களில் முழுக் கோயிலையும் மெதுவாகத் தூக்கி நிறுத்தி அடியில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஆசாரி சொல்வது கைவைத்தியம் இல்லை. உலகத்திலேயே மரக்கட்டடத்தில் அதிக அனுபவம் உள்ளவர்கள் செய்வதும் அதேதான்.

காற்றைப் பற்றியும் கேட்பார்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலை யாரும் மறக்கவில்லை. அப்போது ஓடு பறந்தது, தகரம் பறந்தது. உத்திரமும் கைமரமும் ஒழுங்காகக் கழுந்து மாட்டியிருந்த பழைய வீடுகள் பல, கூரை ஓடுகளை மட்டும் இழந்து எலும்போடு நின்றதை நானே பார்த்தேன். அதனால் தூணடியைச் சரிசெய்யும்போது உத்திரத்துக்கும் தூணுக்கும் உள்ள பிடிப்பையும், சுவரில் உத்திரம் நுழையும் இடத்தையும் சோதித்துவிடுங்கள். சுவருக்குள் புகும் முனையில் காற்று படாது, தூணடிக்கு அடுத்து அங்கேதான் மக்கும்.

குடந்தை ஆசாரி

செய்முறை சொல்கிறேன். தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள், முடிந்தால் நானே வருகிறேன்.

முதலில் உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுக்கணும். சவுக்குக் கட்டை போதும், அடியில் பலகை போட்டு ஆப்பு அடித்துப் பாரத்தை ஏற்றிக்கொள்ளணும். ஒரே நாளில் ஏற்றாதீங்க. ஓடு விரிசல் விடும். காலையில் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு. தூணில் பாரம் இல்லை என்று ஆன பிறகு சிமெண்டை உடைக்கணும். உளியால் கொத்துங்க, மெஷின் வேண்டாம், அதிரும்.

கெட்ட பாகத்தை அறுக்கும்போது நேர்வெட்டு வெட்டக்கூடாது. சாய்வாக வெட்டி, படிபோட்டு, ஒன்றுக்குள் ஒன்று கவ்வுற மாதிரிப் புதுக்கட்டையைச் சேர்க்கணும். நல்ல மரம் தெரிகிற வரைக்கும் வெட்டுங்க, அதுக்கு மேல ஒரு விரற்கடைகூட வேண்டாம். சேர்ந்த இடத்தில் குறுக்கே இரண்டு மரமுளை. சாய்வு வெளிப்பக்கம் இறங்கணும், உள்பக்கம் இறங்கினால் தண்ணி தங்கும்.

கல்லின் தலையைக் கொஞ்சம் குவிவாக விடணும், நடுவில் மட்டும் கழுந்துக்குக் குழி. குழிக்கு ஓரத்தில் ஒரு சின்னப் போக்குவாய் வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்காது. கல் தரைக்கு மேலே முக்கால் முழமாவது தெரியணும். அதைச் சுற்றி டைல்ஸ், சிமெண்ட் எதுவும் வரக்கூடாது. அடிக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில்தான் தண்ணி அதிகம் உறிஞ்சும். அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய் குடிக்கக் குடிக்கக் கொடுங்க. தோணிக்கு அடிக்கிறதுதான், கறையானும் கிட்டே வராது. கையில் பட்டால் தோல் வெந்துபோகும், துணி சுற்றிக்கொண்டு பூசுங்க. மேல்தூணுக்கு வேப்பெண்ணெய் போதும். பெயிண்ட் வேண்டவே வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

நாகை டீச்சர்

உடைக்கும் முன்னால் நாலு தூணையும் நாலு பக்கமும் படம் எடுங்கள், அளவு எடுத்துத் தாளில் வரையுங்கள். ஊர்ப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். உத்திரத்தின் மேல்முகத்தில் வருடமோ வந்த துறைமுகத்தின் முத்திரையோ செதுக்கியிருக்க வாய்ப்புண்டு. பர்மா தேக்கில் வியாபாரிகளின் சுத்தியல் முத்திரை இருப்பது வழக்கம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

தரங்கைவாசி

கூட்டம் முடிந்தது. இடிக்கும் பேச்சு தள்ளிப்போயிருக்கிறது, ரத்தாகவில்லை. ஒரு தூணைச் சரிசெய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். 1851 சட்டத்தைச் சொன்னதும் ஒரு பெரியவர், "அவங்க பண்ணினதை நாம எதுக்குப் பண்ணணும்" என்றார். அது பலருக்கும் உறைத்தது.

நேற்று முட்டு கொடுத்து வடக்கு ஓரத்துத் தூணைத் திறந்தோம். சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் அடியில் எட்டு அங்குலம் கீழே கருங்கல் இருக்கிறது. குழியும் இருக்கிறது, போக்குவாய்கூட வெட்டியிருக்கிறார்கள். தரையை மூன்று தடவையாவது உயர்த்தி அதைப் புதைத்திருக்கிறார்கள். குழிக்குள் இருந்த கழுந்து கையோடு மாவாக வந்தது. அதற்கு ஒரு சாண் மேலே மரம் இன்னும் எண்ணெய்ப் பசையோடு இருக்கிறது. உத்திரத்தில் முத்திரை தேடினோம், கரி படிந்திருக்கிறது, துடைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டு கேள்வி. பழைய கல்லை அதே மட்டத்தில் விட்டுவிட்டுத் தாழ்வாரத் தரையை மட்டும் இறக்கலாமா, இல்லை கல்லைத் தூக்கி வைக்கலாமா? அடிக்கட்டைக்குத் தேக்குத்தான் வேண்டுமா, ஊரில் விழுந்த இலுப்பை ஒன்று காய்ந்து கிடக்கிறது, அது ஆகுமா?

குடந்தை ஆசாரி

தரையை இறக்குங்க. கல்லைத் தொடாதீங்க, அது இறங்கி நின்ற இடம். டைல்ஸ் முழுக்க எடுத்துட்டு, பழைய மட்டத்துக்கு வந்து, வெளிப்பக்கம் ஓட்டம் கொடுத்துச் சுண்ணாம்புத் தரை போடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னால முடிக்கணும்.

இலுப்பை ஆகும். விழுந்து எத்தனை வருஷம் ஆச்சு, பட்டை உரிஞ்சிருக்கா, வெயிலில் கிடந்ததா நிழலில் கிடந்ததா சொல்லுங்க. நடுவயிரம் மட்டும் எடுக்கணும், வெளிவெளிறு ஒரு நூல்கூட வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். கட்டையை அறுக்க வேண்டாம், நான் பார்க்கிறேன்.

பெர்கன் தமிழன்

தரங்கைவாசி அண்ணே, மூட்டு போடும்போது வீடியோ எடுத்து இங்கே போடுங்கள். எங்கள் பட்டறையில் பழைய மரப்படகு செப்பனிடும் நார்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். ஆசாரி ஐயாவின் சாய்வு மூட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

தரங்கைவாசி

எடுத்துப் போடுகிறேன் தம்பி. ஆசாரி ஐயா, இலுப்பை விழுந்தது 'தானே' என்ற பெயர்கொண்ட புயலில், நிழலில் கிடந்தது, பட்டை முழுக்க உரிந்துவிட்டது. ஞாயிறு மாயவரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் வண்டியோடு நிற்கிறேன்.